விருந்து வந்த வெடிகள்

கோணாங்குறிச்சியில் சத்தம் வீடு வீடாக விருந்துக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், வந்த வீட்டுக்காரர்கள் தெருவுக்கே பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தார்கள், வராத வீட்டுக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள், எல்லாத் தெருவுக்கும் முறைவைத்துச் சத்தம் வரவழைத்துத் தருவேன் என்று வார்டு மெம்பர் வாக்குக் கொடுத்தார். அத்தனை பேரும் வா வா என்று அழைத்த அந்தச் சத்தம் தன் வீட்டுக்கு மட்டும் வந்துவிடக் கூடாது என்று ஒரே ஒரு ஆள் வேண்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் தணிகாசலம். அந்தச் சத்தங்களையெல்லாம் பெற்றுப் போட்டவரும் அவர்தான்.

ஊருக்கு வடக்கே, முன்பு பீங்கான் ப்யூஸ் கட்டை சுட்ட சூளை இருந்த இடத்தில், கம்பியை வெடிக்கவைத்துப் பொடி எடுக்கும் கம்பெனி இருந்தது. நூலைப் போல மெல்லிசான அலுமினியக் கம்பியை ஒரு இரும்புத் தொட்டிக்குள் இரண்டு கவ்விகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, மூடியைப் போட்டு, ஆக்சிஜனை நிரப்பி, சுவர் நீளத்துக்கு அடுக்கியிருந்த கெப்பாசிட்டர்களில் சேர்த்துவைத்த மின்சாரம் அத்தனையையும் ஒரே மூச்சில் அந்தக் கம்பிக்குள் தள்ளுவார்கள். உருகி ஒழுகக்கூட நேரமில்லாமல் கம்பி ஆவியாகும். காதைப் பிளக்கிற மாதிரி ஒரு வெடி. ஆவி ஆக்சிஜனைக் குடித்து, வெள்ளைப் புகையாகித் தொட்டியின் சுவரில் படியும். பிரஷ்ஷால் கூட்டி எடுத்தால் பீங்கான் பொடி. தலைமுடி ஒன்றை ஆயிரம் கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவோ, அதைவிடச் சின்ன மணிகள். உள்ளறையில் இருந்த பரிமளா மேடம் அதைக் கதிர் பாய்ச்சும் மெஷினில் வைத்து என்ன படிகம் என்று பார்ப்பார்; பிறகு பெரிய நுண்ணோக்கியில் வைத்து மணிகளின் உருவத்தையும் அளவையும் பார்ப்பார். "ஒண்ணு மலை மாதிரி, ஒண்ணு கடுகு மாதிரி, எப்பதான் ஒரே அளவா வருமோ" என்று உதட்டைப் பிதுக்குவார்.

தொட்டிக்கும் சுவிட்சுக்கும் நடுவே கெட்டியான சிமெண்டுச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் தணிகாசலம், அந்தப் பக்கம் அஞ்சலாட்சி. கம்பி கட்டுவதும் பொடி கூட்டுவதும் அவள் வேலை. சுவிட்சை அழுத்துவது இவர் வேலை. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. எச்சரிக்கைக்கு வைத்த சிவப்பு விளக்கு என்றோ அவிந்துபோயிருந்தது. மூடி திறந்திருந்தால் மின்சாரம் பாயாதபடி ஒரு ஏற்பாடு இருந்ததை, அடிக்கடி மக்கர் செய்கிறது என்று ஒரு துண்டுக் கம்பியால் கட்டிப்போட்டுவிட்டார்கள். மிச்சமிருந்தது குரல் ஒன்றுதான்.

"உடவா?" என்று தணிகாசலம் கேட்பார்.

"உடுண்ணா!" என்று அந்தப் பக்கத்திலிருந்து, கடைசி எழுத்தை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிற மாதிரி அஞ்சலாட்சி இழுப்பாள். அந்தக் குரல் வந்த பிறகுதான் விரல் சுவிட்சுக்குப் போக வேண்டும். அதுதான் அங்கே சட்டம், அதுதான் அங்கே சாமி.

ஆனால் அவள் வாயில் முகமூடி. பதில் சில நேரம் தாமதமாக வரும். அந்த இடைவெளியில் தணிகாசலம் விளையாட்டுக்கு அவளைப் போலவே குரலை மெலிதாக்கி, "உடுண்ணா" என்று தானே இழுப்பார். அவள் அந்தப் பக்கம் சிரிப்பாள். "எனக்கும் சேத்து நீயே பேசிக்க, எனக்குத் தொண்ட மிச்சம்." விளையாட்டு சிரிப்பை இழந்து பழக்கமாயிற்று. பழக்கம் காதை இழந்தது. ஒரு பகல், மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு நின்ற பகல், தணிகாசலம் "உடவா?" என்றார், "உடுண்ணா" என்றும் அவரே சொன்னார், அழுத்தினார். அப்போது அஞ்சலாட்சி தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து, கையை அப்போதுதான் வெளியே எடுத்திருந்தாள்.

முகமெல்லாம் வெள்ளையாக, சுண்ணாம்புக்குள் முக்கி எடுத்த பொம்மையைப் போல அவள் சுவரைத் தாண்டி நடந்து வந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வாயைத் திறந்து எதையோ கேட்டாள், தன் குரலே தனக்குக் கேட்காமல் போனதைப் பார்த்து, இன்னும் உரக்கக் கேட்டாள். தணிகாசலத்துக்கு அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. வெடித்தது, ஆனால் வெடிச் சத்தத்தை அவரும் கேட்கவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரியிடம், "கொரலு குடுத்துது சார், குடுத்துட்டு ஏன் உள்ள போச்சுன்னு தெரியல" என்றார் தணிகாசலம். அதையாவது பயத்தில் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் அஞ்சலாட்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கிற குரலில், "எனக்கு ஒண்ணுமே நெனவில்லண்ணா. நான் உடுன்னு சொன்னனா?" என்று கேட்டாள். தணிகாசலம் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக, நிதானமாக, அவளுக்கு நன்றாகப் புரியும்படி ஆட்டினார்.

"அப்ப எம்மேலதான் தப்பு," என்றாள் அவள். "உன்னையும் வேற அந்த ஆளு முன்னால கொண்டுபோயி நிறுத்திட்டன் பாரு. மனசுல வெச்சுக்காதண்ணா."

அந்த வார்த்தை தணிகாசலத்தின் நெஞ்சுக்குழியில் இறங்கி, அங்கேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. சோறு இறங்கும்போது அதைத் தாண்டித்தான் இறங்கியது.

அன்றைக்குப் பிறகு தொட்டியில் எந்த வெடிக்கும் சத்தமில்லை. அஞ்சலாட்சியின் இடத்துக்கு வந்த இன்பராசு என்ற வாலிபன், "உடுங்க" என்பான், தணிகாசலம் அழுத்துவார், கம்பி ஊமையாக மறையும், பொடி மட்டும் விழும். ஊமையாகப் பிறந்த பொடியோ, பரிமளா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்க்கிற அளவுக்கு, ஒரு மணிக்கும் இன்னொரு மணிக்கும் வித்தியாசமில்லாமல், ஒரே தாயின் முட்டைகளைப் போல உருண்டை உருண்டையாக இருந்தது. முதலாளி இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நல்ல பொடி வருகிற இடத்தில் சத்தம் எங்கே என்று எவன் கேட்பான்?

சத்தம் ஊருக்குள் போயிருந்தது.

முதலில் ரேஷன் கடையில், சர்க்கரை மூட்டைக்குள்ளிருந்து கேட்டது. வரிசையில் நின்றவர்கள் காதாரக் கேட்டார்கள்: மூட்டைக்குள் தணிகாசலத்தின் குரல், "உடவா?" அப்புறம் இன்பராசுவின் குரல், "உடுங்க." அப்புறம் கடை ஓடு அதிர ஒரு வெடி. மூட்டை கிழியவில்லை, ஒரு மணி சர்க்கரைகூடச் சிந்தவில்லை. கடைக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "அடுத்த ஆளு வாங்க" என்றார். பிறகு ஒரு கல்யாணச் சமையலில் சாம்பார் அண்டாவுக்குள் கேட்டது. சமையல்காரர் கரண்டியில் ஊற்றி ருசி பார்த்துவிட்டு இனி உப்பு வேண்டாம் என்றார். அம்பலவாணர் வீட்டில் பெரியவரைத் தூக்குகிற நேரத்தில் பாடைக்கு அடியில் சொல்லிவைத்த மாதிரி வெடித்தது. மவராசன் வேட்டுச் சத்தத்தோடு போனார் என்று பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாதாகோயில் உண்டியலில் வெடித்தது, பள்ளிவாசல் தெருவில் காயப்போட்ட பாயின் சுருளுக்குள் வெடித்தது, தொட்டிலில் வெடித்தது, அதில் கிடந்த பிள்ளை தூக்கம் கலையாமல் சிரித்தது.

கொஞ்ச நாளில் அதற்கு முறைகள் உண்டாயின. "உடவா" கேட்டதும் வீட்டுக்காரர் ஒரு செம்புத் தண்ணீரை வாசலில் வைக்க வேண்டும். பிள்ளைகளின் காதை மாமன் முறைக்காரர் பொத்த வேண்டும். வெடித்து முடிந்ததும் தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டுப் பொட்டுக்கடலை கொடுக்க வேண்டும். சத்தம் வந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குள் நல்லது நடக்கும் என்று யாரோ சொல்ல, பெண் கேட்டுப் போகிறவர்கள், "உங்க வூட்டுக்கு வந்துச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பாயில் உட்கார்ந்தார்கள். சந்தைக்குப் போகும்போது பெண்கள் குடத்தின் வாயை மூடாமல் திறந்தே வைத்தார்கள், வருகிற சத்தம் தடுமாறாமல் இறங்கட்டும் என்று.

ஒரு முறை எத்திராசுவின் சலூனில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து "உடவா?" என்று கேட்டது, பதில் வரவில்லை. அன்றைக்கு இன்பராசுவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால், சுவரைச் சுற்றி வந்து தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போயிருந்தான். பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தவர் எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தார். சத்தம் விட்டுவிட்டு, உடவா, உடவா என்று கேட்டுக்கொண்டே நின்றது. கடைசியில் எத்திராசு கத்தியைக் கீழே வைத்து, "யோவ், உடேன்யா! மனுசன் தொழில் பாக்க வேணாமா?" என்று அதட்டினார். அப்போதுதான் வெடித்தது. பதில் இல்லாத சத்தம் பதிலுக்காக நிற்கும் என்பதும், யார் பதில் சொன்னாலும் எடுத்துக்கொள்ளும் என்பதும் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.

இதையெல்லாம்விட ஊரை வாயடைக்க வைத்தது அஞ்சலாட்சிதான். பஸ் ஹாரன் கேட்காது, இடி கேட்காது, காதுக்குப் பக்கத்தில் தகரத்தைத் தட்டினாலும் கேட்காது. ஆனால் இந்தச் சத்தங்கள் மட்டும், ஊரில் வேறு யாருக்கும் கேட்பதற்கு முன்பே, தூரத்து ரயில் தண்டவாளத்தில் வருகிற மாதிரி அவளுக்குக் கேட்டன. மாவு பிசைந்த கையோடு எழுந்து போவாள். பாதி பின்னிய சடையோடு போவாள். ஒரு வீட்டு முன்னால் நின்று கையைத் தட்டி, "இங்கதான் வருது, செம்பு எடுங்க, ஒதுங்குங்க!" என்பாள். வந்துவிடும். ஊர் அவளுக்குச் சத்தக்காரம்மா என்று பெயர் வைத்தது, பூ வைத்துவிட்டது, கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டது. "செவிடியானாதான் மரியாத போலருக்கு" என்று அவள் சிரித்தாள்.

தணிகாசலம் அவள் தெருவழியாகப் போவதை நிறுத்தி, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். அவளோ ஒரு நாள் ஏரிக்கரையிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணா, என்னைப் பாத்தா ஓடற? நான் இன்னா கடிச்சா தின்னுடுவன்?"

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவள் பழகியிருந்தாள். தணிகாசலம், வேலை ஜாஸ்தி என்று உதட்டை அசைத்தார்.

"ஒண்ணு சொல்லட்டா? எம்பொண்ணு தேன்மொழி கொரலு எனக்குக் கேக்கல. அம்மான்னு கூப்புடறது வாயில தெரியுது, காதுல இல்ல. உலகத்துல எனக்குக் கேக்கற மனுசக் கொரலு உன்னுதும் அந்த இன்பராசு பையனுதும்தான். ஊரெல்லாம் நீதாண்ணா என் காதுல பேசற."

தணிகாசலம் ஏரியைப் பார்த்தார். தண்ணீர் குறைவாக இருந்தது.

"அந்தப் பையன் பதிலு சொல்றான் பாரு, கடன்காரனுக்குச் சொல்றமாதிரி, உடுங்க, உடுங்கன்னு." அவள் மூக்கைச் சுளித்துவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்தினாலும் கரையில் மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்து பார்க்கிற உரப்பு. "பின்னால உட்டதெல்லாம் வந்துடுச்சுண்ணா. என்னுது மட்டும்தான் வரல. அந்த மொத வெடி. அது எங்கியோ சுத்திக்கிட்டு இருக்குது. அது வந்தா, நான் 'உடுண்ணா'ன்னு சொன்னதும் கூடவே வருமில்ல? எங்கொரலு எனக்கே மறந்துபோச்சு. எப்படி இருந்துதுன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறன், சிக்க மாட்டேங்குது. ஒரே ஒரு வாட்டி கேட்டாப் போதும். அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கறன்."

அதற்குப் பிறகு தணிகாசலத்துக்குச் சோறு சோறாக இல்லை, படுக்கை படுக்கையாக இல்லை. முதல் வெடி வரும். அதில் "உடவா?" என்ற தன் குரலும், அதன் பின்னால் அவளைப் போலவே இழுத்துப் பேசிய தன் குரலும் கேட்கும். ஊர் கேட்பதுகூடக் கிடக்கட்டும். தன் குரலைக் கேட்க வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவள், தன்னை வேறொருவன் கேலிக்கு நடித்ததைக் கேட்பாள். அவளுடைய கடைசிக் குரல் என்று உலகத்தில் எதுவுமே மிச்சமில்லை. அன்றைக்கு அவள் பதில் சொல்லும்வரை அவர் காத்திருக்கவே இல்லை.

சொல்லிவிடலாம் என்று போவார். அவள் வீட்டு வாசலில் பூ வைத்துவிடக் காத்திருக்கும் பெண்களைப் பார்த்துவிட்டு, உப்பு வாங்க வந்தவரைப் போலத் திரும்பிவிடுவார். வெடியை முந்திப் பிடித்து எங்காவது ஆளில்லாத இடத்தில் முடித்துவிடலாம் என்று, பாழடைந்த சூளைக்குள் போய் நின்று, வாய்க்கு இரண்டு கையும் குவித்து, "வா, எங்கிட்ட வா" என்று கூப்பிட்டும் பார்த்தார். ஒரு கீரிப்பிள்ளைதான் வந்து எட்டிப் பார்த்தது. வீட்டில் மனைவி கோகிலம், சத்தம் வரட்டும் என்று திறந்து வைத்த குடங்களை அவர் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார். "ஊரெல்லாம் இவரு கொரலு, இவரு வூட்டுல மட்டும் மூடி" என்று அவள் தலையிலடித்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் மூடியவர் ஒன்றை மூட மறந்தார். வேலைக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குச்சட்டி. கழுவிக் கவிழ்க்காமல், வாயைத் திறந்தபடி, அடுப்படி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கறிக்கு மிளகாய் அரைக்கிற நேரம். தெருக் கோடியில் கைதட்டல் கேட்டது. அஞ்சலாட்சி ஓடி வந்தாள்; நடந்து அல்ல, சின்னப் பிள்ளை மாதிரி ஓடி வந்தாள்; பின்னால் தேன்மொழி, அதற்குப் பின்னால் பாதித் தெரு. தணிகாசலத்தின் வாசலில் நின்று, மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக, "என்னுதுண்ணா! என்னுதுதான் வருது! உன் வூட்டுக்குத்தான் வருது!" என்றாள்.

கோகிலம் செம்பை எடுத்து வைத்தாள். சத்தக்காரம்மாவின் குரலைக் கேட்கப்போகிறோம் என்று கூட்டம் வாசலிலும் ஜன்னலிலும் அப்பிக்கொண்டது. கையில் சீப்போடு எத்திராசுவும் வந்து முன்னால் நின்றார். அஞ்சலாட்சி மகளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டு, அடுப்படி ஆணிக்கு எதிரே போய் நின்று, கண்ணை மூடினாள்.

தூக்குச்சட்டிக்குள்ளிருந்து வந்தது. "உடவா?"

பழைய தணிகாசலம். கவலை இல்லாத, வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிய குரல். தணிகாசலம் அடுத்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்தது வரவில்லை.

அவரே சொன்னாரே, அவர் வாயால் சொன்னாரே, அது வரவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதைச் சத்தம் பதிலாக ஏற்றுக்கொள்ளாமல் வழியிலேயே உதறிவிட்டு வந்திருந்தது. "உடவா?" என்று மறுபடி கேட்டது தூக்குச்சட்டி. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அஞ்சலாட்சியின் மூடிய கண்ணுக்குக் கீழே சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது. தன் குரல் கொஞ்சம் தாமதமாக வரும், எப்போதும் அப்படித்தானே, முகமூடி போட்டிருப்பேனே என்று பொறுமையாக நின்ற சிரிப்பு.

"உடவா?"

எத்திராசு பொறுக்காமல் வாயைத் திறந்தார். "உ..." என்பதற்குள் தணிகாசலம் பாய்ந்து அவர் வாயை உள்ளங்கையால் பொத்தினார். பொத்திய பிறகுதான், தன் வாய்க்குள்ளும் அதே சொல், அவளுடைய இழுப்போடு, பழக்கத்தில் நுனிநாக்கு வரை வந்து நிற்பது தெரிந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார். மீன்முள்ளைப் போல அது இறங்கியது.

அஞ்சலாட்சி கண்ணைத் திறந்தாள். தூக்குச்சட்டியைப் பார்த்தாள். தணிகாசலத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கேட்ட அதே கேள்வியை இந்த முறை வாயைத் திறக்காமலே கேட்டாள். தணிகாசலம் தலையை ஆட்டினார். இடமும் வலமுமாக, நிதானமாக, அவளுக்கு நன்றாகப் புரியும்படி.

"நீ சொல்லவே இல்ல, அஞ்சல," என்று உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். "நாந்தான் சொல்லிக்கிட்டன்."

அவள் கையை ஓங்குவாள் என்று கோகிலம் நினைத்தாள். அழுவாள் என்று தேன்மொழி நினைத்தாள். அவள் நகர்ந்து போய், ஆணியில் தொங்கிய சட்டியின் விளிம்பை இரண்டு கையாலும், சூடு பார்க்கிற மாதிரி தொட்டாள். "உடவா?" என்றது சட்டி. அவள் உள்ளே எட்டிப் பார்த்து, அன்றைக்கு யாராவது காத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அதை, ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிற அந்த இழுப்போடு சொன்னாள்:

"இருண்ணா... உள்ள இருக்கறன்."

சட்டி அடங்கியது. வெடிக்கவில்லை. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் யாரோ நீட்டிய பூவை வாங்கவில்லை. தணிகாசலத்தைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் தணிகாசலம் தொட்டிக்குப் போய், மூடியின் காவல் ஏற்பாட்டைக் கட்டிப்போட்டிருந்த துண்டுக் கம்பியை அறுத்தெறிந்தார். உள்ளறைக்குப் போய், நடந்தது எல்லாவற்றையும் பரிமளா மேடத்திடமும் முதலாளியிடமும் சொன்னார். அன்று முதல் வெடிகள் தொட்டிக்குள்ளேயே காது அதிர வெடித்தன. பொடியும் பழையபடி ஒன்று மலையாகவும் ஒன்று கடுகாகவும் விழுந்தது. கம்பெனி அவரைச் சுவிட்சிலிருந்து எடுத்து மூட்டை கட்டப் போட்டது. ஊருக்குச் சத்தம் வருவது நின்றுபோயிற்று. அஞ்சலாட்சிக்குச் செய்ததைவிட, வருகிற விருந்தை நிறுத்திவிட்டானே என்றுதான் தெருவில் அவரைத் திட்டினார்கள். வராத வீட்டுக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திட்டினார்கள்.

தூக்குச்சட்டி அதே ஆணியில் தொங்குகிறது. கோகிலம் அதைத் தொடுவதில்லை; சோற்றை இலையில் மடித்துக் கொடுக்கிறாள். தினமும் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் அது அவருடைய பழைய குரலில், கவலையில்லாமல், "உடவா?" என்று கேட்கிறது. தணிகாசலம் ஒரு கால் செருப்போடு அப்படியே நிற்கிறார். ஊருக்கு அந்தப் பக்கம், எதுவும் கேட்காத ஒரு வீட்டில், மாவு பிசைகிற கை ஒரு கணம் நின்றுவிட்டுப் பிசைவதாக அவருக்குத் தோன்றும். வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளே இருப்பவள் சொல்லட்டும் என்று காத்திருப்பார்.